ஒரு படத்தில் எத்தனை தொலைநோக்கி?

1977 மார்ச் 10-ஆம் தேதி இரவு. ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கி யுரேனஸ் கோளைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தது. தொலைதூர விண்மீன் ஒன்றை ஒட்டி யுரேனஸ் கடந்துபோகும் நேரம் அது. அந்த விண்மீனின் ஒளி எப்படி மாறுகிறது என்று ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். எதிர்பாராத ஒரு நொடியில் விண்மீன் மங்கியது, சற்று நேரத்தில் பழையபடி ஒளிர்ந்தது. கோள் அங்கே வந்து சேரவில்லை. பிறகு விண்மீனை மறைத்தது எது? யுரேனஸுக்கு இதுவரை தெரியாத ஒரு துணைக்கோள் இருக்கலாம் என்று அவர்கள் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். கையில் இருந்த ஒரே பதிவை வைத்துப் பார்த்தால் நியாயமான முடிவுதான்.

அதே இரவில் தெற்கு இந்தியப் பெருங்கடலுக்கு மேலே கைப்பர் ஆய்வு விமானம் பறந்துகொண்டிருந்தது. அதில் பொருத்தியிருந்த தொலைநோக்கியில் ஜேம்ஸ் எலியட்டின் குழுவும் அதே விண்மீனைக் கவனித்தது. கோள் மறைப்பதற்கு முன்பு சில முறையும், மறைத்து விலகிய பிறகு அதற்கு இணையாகச் சில முறையும் விண்மீன் மங்கியது. ஆஸ்திரேலியாவின் பெர்த் வானாய்வகத்திலும் பதிவு கிடைத்தது. எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கியது: யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருக்கின்றன. காவலூர் கண்டது அந்த வளையங்களின் நிழலைத்தான். அந்த ஆண்டு முடிவதற்குள் காவலூர் குழுவும் வளையம் என்ற முடிவோடு இன்னொரு கட்டுரையை வெளியிட்டது.

காவலூரை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூரு கோரமங்களாவில் இருக்கிறது. ஐ.ஐ.ஏ. என்றால் வானியல் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். கொடைக்கானல் சூரிய வானாய்வகம், லடாக்கின் ஹான்லே வானாய்வகம், விண்ணில் சுற்றும் ஆஸ்ட்ரோசாட்டின் புற ஊதாத் தொலைநோக்கி, ஆதித்யா எல்-1 விண்கலத்தின் சூரிய ஒளிவட்டக் கருவி என்று இந்நிறுவனம் உருவாக்கியவையும் நடத்துபவையும் ஒரு நீண்ட வரிசை. பெங்களூரில் வானப் படம் எடுக்கும் ஆர்வலர்களுக்கும் பஞ்சமில்லை. பெங்களூர் அமெச்சூர் வானியலாளர் சங்கம் 1976-லிருந்து இயங்குகிறது. வெவ்வேறு தொலைநோக்கிகளின் பார்வையை ஒன்றாகச் சேர்க்கும் கலைக்கு இந்தியாவில் ஒரு தலைநகரம் வேண்டுமென்றால், இந்த நகரத்தைத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்தக் கலையைப் பற்றிப் பொதுமக்களிடம் ஒரு சந்தேகம் ஊறிப்போயிருக்கிறது. செய்தித்தாளிலோ செல்போனிலோ வண்ணமயமான நெபுலா படம் ஒன்று வந்தால், பார்ப்பவர் முதலில் கேட்பது ‘இது நிஜமா, போட்டோஷாப்பா?’ என்றுதான். இரண்டு மூன்று தொலைநோக்கிகளின் படங்களைச் சேர்த்தது என்று தெரிந்துவிட்டால் போதும், ‘அப்போ ஒட்டுப் படம்’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்பு தவறு. ஆனால் இந்தச் சந்தேகம் எழுவதற்குக் காரணம் பார்ப்பவர் மட்டுமல்ல. படத்தை வெளியிடுபவர்கள் பாதி விவரத்தை விழுங்கிவிடுவதும் ஒரு காரணம்.

படம் எப்படிச் சேர்கிறது என்பதை முதலில் பார்ப்போம். பெங்களூரு மொட்டை மாடி ஒன்றில் 400 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள சிறிய தொலைநோக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேமராவின் ஒரு பிக்சல் 3.76 மைக்ரான். அந்தத் தொலைநோக்கியில் ஒரு பிக்சல் வானத்தில் ஏறக்குறைய 1.94 வில்விநாடி அகலத்தைப் பிடிக்கும். அதே கேமராவை 2,000 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள பெரிய கருவியில் மாட்டினால், ஒரு பிக்சலுக்கு 0.39 வில்விநாடிதான். ஒரு டிகிரிக்கு 3,600 வில்விநாடி. ஆக, சிறியது அகலமாகப் பார்க்கிறது, பெரியது நுணுக்கமாகப் பார்க்கிறது. ஒன்றின் மேல் ஒன்றை அப்படியே வைத்தால் இரண்டும் பொருந்தாது.

பொருந்த வைப்பது விண்மீன்கள். மென்பொருள் இரண்டு படங்களிலும் உள்ள விண்மீன்களைக் கண்டுபிடித்து, அவற்றின் இடங்களை வானப் பட்டியலோடு ஒப்பிட்டு, ஒரு படத்தைச் சுழற்றி, சுருக்கி அல்லது விரித்து, லென்ஸின் ஓரத்தில் ஏற்படும் வளைவையும் நேராக்கி, மற்றதன் மேல் பதிக்கிறது. கணினித் திரையில் இதைப் பெரிதாக்கிப் பார்த்தால் பொருத்தம் சரியா என்று உடனே தெரிந்துவிடும். நடுவில் உள்ள விண்மீன்கள் உருண்டையாக இருக்கும். மூலையில் உள்ளவை மட்டும் இரட்டையாகவோ, ஒரு பக்கம் சிவப்பும் மறு பக்கம் நீலமுமாகவோ இருந்தால், ஓர வளைவு சரியாகத் திருத்தப்படவில்லை என்று பொருள். அனுபவசாலிகள் படத்தின் நடுப்பகுதியை விட்டுவிட்டு முதலில் நான்கு மூலைகளைத்தான் பார்ப்பார்கள்.

அதன் பிறகு எந்தப் படத்திலிருந்து எதை எடுப்பது என்ற கேள்வி வருகிறது. மனிதக் கண் நுணுக்கத்தை ஒளி-இருள் வேறுபாட்டில்தான் அதிகம் காண்கிறது, நிறத்தில் அவ்வளவாக இல்லை. அதனால் நுணுக்கமான கருவியின் படத்தை ஒளி அளவுக்கும், அகலமான கருவியின் படத்தை நிறத்துக்கும் பயன்படுத்துவது வழக்கம். தெருவிளக்கு வெளிச்சத்தில் மூழ்கிய பெங்களூருக்கு இந்த முறை ஒரு வரம். மாடியிலிருந்து 656.3 நானோமீட்டர் ஹைட்ரஜன் ஒளியை மட்டும் அனுமதிக்கும் பில்டரைப் போட்டு, நகர வெளிச்சத்தின் பெரும்பகுதியைத் தடுத்துவிட்டு, பல இரவுகள் படம் எடுக்கலாம். நிறத்துக்கு வேண்டிய சில மணி நேரப் படத்தை இருண்ட வானமுள்ள ஊருக்கு ஒருமுறை போய் எடுத்து வரலாம். இரண்டும் சேர்ந்தால், எந்த ஒரு இடத்திலும் தனியாகக் கிடைக்காத படம் கிடைக்கும். ஒரே தரமுள்ள நூறு படங்களை அடுக்கினால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும் என்பது புள்ளியியல் கணக்கு. தரம் வெவ்வேறாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் உரிய எடை கொடுத்துத்தான் அடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மோசமான படம் நல்ல படத்தையும் கெடுத்துவிடும்.

இதில் பொய் எங்கே இருக்கிறது? ஒவ்வொரு பிக்சலிலும் இருப்பது வானத்திலிருந்து வந்த ஒளி.

இதே வேலையை ஐ.ஐ.ஏ. விண்ணிலிருந்து செய்தது. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஆஸ்ட்ரோசாட்டில், பெங்களூருக்கு வெளியே ஹொசகோட்டையில் உள்ள ஐ.ஐ.ஏ. ஆய்வகத்தில் ஒருங்கிணைக்கப்பட்ட புற ஊதாத் தொலைநோக்கி இருக்கிறது. உண்மையில் அது இரட்டைத் தொலைநோக்கி. ஏறக்குறைய 38 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரண்டு குழாய்கள் ஒரே திசையைப் பார்த்து அருகருகே நிற்கின்றன. ஒன்று 130 முதல் 180 நானோமீட்டர் வரையிலான தொலை புற ஊதாவைப் பார்க்கிறது. மற்றது அருகு புற ஊதாவையும், கண்ணுக்குப் புலப்படும் ஒளியையும் பிரித்துப் பார்க்கும்படி அமைக்கப்பட்டது.

கண்ணுக்குப் புலப்படும் ஒளிக்கு அங்கே என்ன வேலை? படத்தின் அழகுக்காக அல்ல. விண்கலம் ஓரிடத்தில் அசையாமல் நிற்பதில்லை. மெல்ல மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும். ஓடும் பேருந்தில் நின்றுகொண்டு படம் எடுப்பதைப் போன்ற நிலைமை. புற ஊதாவில் வரும் ஒளித்துகள்களோ மிகக் குறைவு. கருவி நொடிக்கு 29 சட்டங்கள் வீதம் எடுத்து அவற்றை ஒவ்வொன்றாக எண்ணுகிறது. அந்தச் சொற்பத் துகள்களை வைத்து ஆட்டத்தை அளக்க முடியாது. புலப்படும் ஒளிப் பிரிவு ஏறக்குறைய நொடிக்கு ஒரு படம் வீதம் எடுத்து, விண்மீன்கள் எவ்வளவு நகர்ந்தன என்று கணக்கிட்டுச் சொல்கிறது. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, பெங்களூரில் உள்ள மென்பொருள் ஒவ்வொரு புற ஊதாத் துகளையும் அது இருக்க வேண்டிய இடத்துக்கு நகர்த்தி வைக்கிறது. ஒரு தொலைநோக்கியின் பார்வை இன்னொன்றின் படத்தைத் தெளிவாக்குகிறது. 1.5 வில்விநாடிக்கு நெருக்கமான கூர்மை இப்படித்தான் கிடைத்தது. அதற்கு முன்பு வானத்தின் பெரும்பகுதியைப் புற ஊதாவில் படமெடுத்த அமெரிக்காவின் கேலெக்ஸ் தொலைநோக்கியின் கூர்மை ஏறக்குறைய 5 வில்விநாடி. அருகு புற ஊதாப் பிரிவு 2018-இல் செயலிழந்தது ஒரு இழப்புதான். தொலை புற ஊதாப் பிரிவு அதன் பிறகும் வேலையைத் தொடர்ந்தது.

இந்தக் கருவியின் பெரிய சாதனை 2020-இல் வெளியானது. புனேயில் உள்ள ஐயுகா மையத்தின் கனக் சாகா தலைமையிலான குழு, 930 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள ஒரு விண்மீன் மண்டலத்திலிருந்து கசியும் கடும் புற ஊதா ஒளியை ஆஸ்ட்ரோசாட்டில் கண்டுபிடித்தது. 2016 அக்டோபரில் 28 மணி நேரத்துக்கும் மேலாக எடுத்த தரவு. ஆராய்ந்து முடிக்க ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. 2.4 மீட்டர் ஆடியுள்ள ஹப்பிள் பிடிக்காத அந்த ஒளியை 38 சென்டிமீட்டர் கருவி பிடித்ததற்கு, அதன் பின்னணி இரைச்சல் மிகக் குறைவு என்பது முக்கியக் காரணம். ஆனால் அந்த மண்டலம் எது, எங்கே இருக்கிறது, எப்படிப்பட்டது என்று அடையாளம் காட்டியவை அதே இடத்தில் ஹப்பிள் முன்பே எடுத்துவைத்த ஆழமான படங்கள். இதை ‘இந்தியா ஹப்பிளை வென்றது’ என்று எழுதுவது எளிது, கைதட்டலும் கிடைக்கும். நடந்தது அதைவிடப் பெரியது: இரண்டும் சேராமல் அந்தக் கண்டுபிடிப்பு இல்லை.

பல தொலைநோக்கிகளைச் சேர்ப்பதில் இன்னொரு பயனும் உண்டு. எது பொய்த் தோற்றம் என்று அது காட்டிக்கொடுத்துவிடும். 2022-இல் பிரான்சிலும் ஜெர்மனியிலும் உள்ள மூன்று ஆர்வலர்கள், ஆண்ட்ரோமீடா மண்டலத்துக்கு அருகில் நீலப்பச்சை நிறத்தில் ஒரு பெரிய வில்லைக் கண்டார்கள். முழு நிலவின் அகலத்தைப் போல மூன்று மடங்கு நீளம். வானத்திலேயே அதிகம் படமெடுக்கப்பட்ட மண்டலம் அது. அதன் பக்கத்தில் இவ்வளவு பெரிய ஒன்றை யாரும் பார்க்கவில்லை என்றால் நம்ப முடியுமா? லென்ஸுக்குள் எதிரொளித்த வெளிச்சமாகத்தான் இருக்கும் என்றே முதலில் தோன்றும். அதனால் வேறு தொலைநோக்கிகளில், வேறு இடங்களிலிருந்து எடுத்த படங்களோடு ஒப்பிட்டார்கள். லென்ஸின் எதிரொளிப்பு கருவிக்குக் கருவி இடம் மாறும். இந்த வில் இடம் மாறவில்லை. 2023 ஜனவரியில் தொழில்முறை வானியலாளர்களோடு சேர்ந்து அந்த ஆர்வலர்களின் பெயரிலேயே ஆய்வுக் கட்டுரை வெளியானது. பயன்பட்ட முதன்மைக் கருவியின் விட்டம் 11 சென்டிமீட்டருக்கும் குறைவு.

புனேக்கு அருகில் கோடாட் கிராமத்தில் உள்ள ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கியின் கதையும் இப்படிப்பட்டதுதான். 39 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள ஒபியூகஸ் மண்டலக் கொத்தில், சந்திரா எக்ஸ் கதிர் தொலைநோக்கியின் படத்தில் வளைந்த ஒரு விளிம்பு தெரிந்தது. கருந்துளை வெடிப்பு தோண்டிய குழியின் விளிம்பாக இருக்குமோ என்று 2016-இலேயே கேள்வி எழுந்தது. அவ்வளவு பெரிய வெடிப்பு சாத்தியமில்லை என்று அதைக் கைவிட்டுவிட்டார்கள். ஜி.எம்.ஆர்.டி., ஆஸ்திரேலியாவின் எம்.டபிள்யூ.ஏ. ஆகியவற்றின் ரேடியோ படங்களை மேலே வைத்ததும் அந்தக் குழி முழுவதும் ரேடியோ ஒளியால் நிரம்பியிருப்பது தெரிந்தது. அதுவரை அறியப்பட்டவற்றிலேயே மிகப் பெரிய வெடிப்பு என்று 2020 பிப்ரவரியில் அறிவித்தார்கள். எக்ஸ் கதிர் தனியாக நின்றபோது கைவிடப்பட்ட உண்மை அது.

இவ்வளவு மதிப்புள்ள ஒரு முறையை மக்கள் ஏன் ஏமாற்று வேலை என்று நினைக்கிறார்கள்?

வெளியீட்டில் நேர்மை குறைந்துபோனதுதான் காரணம். நண்டு நெபுலாவின் 2017-ஆம் ஆண்டுப் படத்தைப் பாருங்கள். ஐந்து தொலைநோக்கிகளைச் சேர்த்தது. ரேடியோவில் வி.எல்.ஏ. சிவப்பு, அகச்சிவப்பில் ஸ்பிட்சர் மஞ்சள், ஹப்பிள் பச்சை, புற ஊதாவில் எக்ஸ்.எம்.எம். நியூட்டன் நீலம், எக்ஸ் கதிரில் சந்திரா ஊதா என்று படத்தோடு வந்த குறிப்பில் எழுதியிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அலைகளுக்கு நிறம் கொடுத்ததையும், எது எந்த நிறம் என்பதையும் மறைக்கவில்லை. அந்தப் படம் நம் ஊர்ப் பத்திரிகைகளுக்கும் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் வந்து சேரும்போது குறிப்பு கழன்றுவிடுகிறது. மிஞ்சுவது ஒரு வண்ணப் படமும், ‘விண்வெளியின் அதிசயம்’ என்ற தலைப்பும்தான். பிறகு யாராவது ‘இந்த நிறமெல்லாம் போலியாமே’ என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

ஆர்வலர்கள் பக்கமும் குறை இருக்கிறது. மாடியில் எடுத்த படத்தோடு பொது ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும் பெரிய தொலைநோக்கியின் தரவைச் சேர்த்துவிட்டு, தன் கருவியின் பெயரை மட்டும் போடுவது நடக்கிறது. இணையத்தில் பலர் பாராட்டுவார்கள். அதைப் பார்க்கும் புதியவர், தன் கருவியில் அந்த நுணுக்கம் வரவில்லையே என்று மனமுடைந்து போவார். அதைவிடக் கவலை தருவது செயற்கை நுண்ணறிவால் கூர்மையாக்கும் கருவிகள். அவற்றை அடக்கமாகப் பயன்படுத்தலாம். ஆனால் வேறு படங்களில் கற்றதை இந்தப் படத்தில் அவை வரைந்துவிடும் அபாயம் உண்டு. 2023-இல் ஒரு பிரபல செல்போனின் நிலாப் படங்கள் பேசுபொருளானதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒருவர் நிலாவின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி, கணினித் திரையில் வைத்து, செல்போனால் படமெடுத்தார். மூலத்தில் இல்லாத பள்ளங்கள் செல்போன் படத்தில் தோன்றின. இரண்டு தொலைநோக்கிகளைச் சேர்ப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. ஒன்று ஒளியோடு ஒளியைச் சேர்க்கிறது, மற்றது ஊகத்தைச் சேர்க்கிறது. இரண்டையும் ஒரே பெயரில் அழைக்கும்வரை, நேர்மையாக உழைப்பவர்கள் மீதும் அந்தக் கறை படியும்.

எனவே வானப் படம் எதுவானாலும் அதனோடு ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்: எந்தெந்தத் தொலைநோக்கிகள், எந்த இடம், எந்தத் தேதிகள், ஒவ்வொன்றிலும் எத்தனை மணி நேரம், எந்த பில்டர், செயற்கை நுண்ணறிவு பயன்பட்டதா. பத்திரிகைகள் புகைப்படக்காரரின் பெயரைப் போடுவதைப் போலவே இதையும் போட முடியும். கல்லூரி கண்காட்சிகளிலும் போட்டிகளிலும் இந்த வரி இல்லாத படத்தை ஏற்கக் கூடாது. தேதி ஏன் என்று சிலர் கேட்பார்கள். சூப்பர்நோவாவும் வால்மீனும் நாளுக்கு நாள் மாறுபவை. மாதக்கணக்கில் இடைவெளி விட்டு எடுத்தவற்றை ஒரே கணமாகக் காட்டினால் அதுதான் உண்மையான ஏமாற்று.

தேதியும் திசையும் எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கொடைக்கானலே சாட்சி. 1904 முதல் அங்கே சூரியனைப் படமெடுத்துவருகிறார்கள். வெள்ளொளி, கால்சியம் கே, ஹைட்ரஜன் ஆல்பா என்று மூன்று வகையில், கண்ணாடித் தட்டுகளிலும் பிலிமிலும் ஒரு நூற்றாண்டுச் சூரியன் பதிவாகியிருக்கிறது. அவற்றை ஐ.ஐ.ஏ. உயர்தரக் கேமராவால் கணினிக்கு மாற்றியிருக்கிறது. மழைக்காலத்தில் மலையில் மேகம் மூடினால் பதிவு விட்டுப்போகும். அந்த இடைவெளியை பாரிஸுக்கு அருகிலுள்ள மூடான், கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் ஆகியவற்றின் படங்களால் நிரப்பலாம். ஆனால் கொடைக்கானலின் கால்சியம் கருவிக்கு ஒளியைத் திருப்பி அனுப்பும் ஆடி, நேரம் போகப் போகச் சூரியனின் பிம்பத்தையும் சுழற்றிவிடும். எந்த நேரத்தில் எடுத்தது என்று தெரியாவிட்டால் தட்டில் வடக்கு எது என்று சொல்ல முடியாது. வடக்கு தவறினால் கரும்புள்ளி தவறான இடத்தில் விழும். பிற நாட்டுப் படத்தோடு ஒட்டாது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் உதவியாளர் தட்டின் ஓரத்தில் கவனமாக எழுதிவைத்த நேரம்தான் இன்றைய ஆய்வாளரைக் காப்பாற்றுகிறது. எழுதாமல் விட்டவர் ஒரு நாளின் சூரியனையே தொலைத்துவிட்டார்.

அடுத்து செய்ய வேண்டியது கல்வி நிறுவனங்களின் கையில் இருக்கிறது. தரவு இருக்கிறது, திறந்தும் இருக்கிறது. தமிழிலோ கன்னடத்திலோ அதைப் பயன்படுத்தச் சொல்லித்தரும் எளிய கையேடுதான் கண்ணில் படவில்லை. ஒரு மாவட்டத் தலைநகரின் கல்லூரி மாணவிக்கு விலையுயர்ந்த தொலைநோக்கி வாங்க வழியில்லாமல் இருக்கலாம். சாதாரண மடிக்கணினியும் சிரில் போன்ற இலவச மென்பொருளும் இருந்தால், ஆஸ்ட்ரோசாட்டின் புற ஊதாப் படத்தையும் ஹப்பிளின் படத்தையும் ஒன்றன் மேல் ஒன்று பதித்து, எங்கே இளம் விண்மீன்கள் பிறக்கின்றன என்று அவள் பார்க்கலாம். இயற்பியல் பாடத்தில் ஒரு செய்முறையாக இதை வைக்க எந்தத் தடையும் இல்லை. ஐ.ஐ.ஏ.வும் பெங்களூரு ஜவஹர்லால் நேரு கோளரங்கமும் ஆர்வலர் சங்கங்களும் சேர்ந்து ஆண்டுக்கு ஒருமுறை இதற்கென்றே ஒரு பயிலரங்கு நடத்தட்டும். மாடியில் எடுத்த படமும் வானாய்வகத்தின் தரவும் ஒரே மேசைக்கு வரட்டும்.

ஆஸ்ட்ரோசாட்டின் ஆவணத் தரவுகள் 2018 செப்டம்பரிலிருந்து பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றன. பெங்களூருக்கு வெளியே பயலாலுவில் உள்ள இஸ்ரோவின் விண்வெளி அறிவியல் தரவு மையத்தின் இணையதளத்தில் பெயரைப் பதிவு செய்துகொண்டு பணம் கட்டாமல் தரவிறக்கலாம். ஆசிரியர்கள் இந்தக் கல்வியாண்டிலேயே ஒரு வகுப்பில் தொடங்கிப் பார்க்க வேண்டும். மாணவர் உருவாக்கும் முதல் படத்தின் அடியிலேயே எல்லாத் தொலைநோக்கிகளின் பெயரையும் எழுதப் பழக்க வேண்டும்.